அறிவித்தற் பலகையிலிருந்து திண்ணைக்கு

(சங்கத்தின் நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் இணையக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



காலையிலிருந்து கல்லூரியின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்குத் தரப்பட்டது கணினி விடயம். சங்கத்தின் இணையத்தளத்தை ஏன் கருத்துக்களமாக மாற்றுகிறோம் என்று விளக்கும்படி செயற்குழு கேட்டிருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடித்துவிடுவோம்.

இப்போதைய தளம் ஓர் அறிவித்தற் பலகை. செயலாளர் எழுதித் தருவார், வெளிநாட்டிலிருக்கும் ஒரு சகோதரி நேரம் கிடைக்கும்போது ஏற்றிவிடுவார். பரிசளிப்பு விழா, ஆண்டுக் கூட்டம், புலமைப்பரிசில் நிதி எல்லாம் ஒழுங்காக அதில் வந்தன. அந்தச் சகோதரி ஒரு சதமும் வாங்காமல் இத்தனை வருடம் செய்தார். அவருக்கு இந்தச் சபையில் ஒரு கைதட்டல் தரவேண்டும்.

ஆனால் பலகையை வாசிக்கத்தான் முடியும். எழுபதுகளின் வலைப்பந்தாட்ட அணிப் படம் ஒன்று அதில் இருக்கிறது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவரின் பெயர் இல்லை. அதைப் பார்த்தவர்களில் பலருக்குப் பெயர் தெரிந்திருக்கும். தெரிந்ததைப் படத்தின் கீழே எழுதிவைக்க அங்கே இடமில்லை.

அந்தப் பெயரில்லாத பெண்ணைப் போல எத்தனை பேர் என்பதை அறிய, அதிபரின் அனுமதியோடு பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினோம். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் உள்ள பக்கங்களில், பெயருக்கு நேரே விலகிய காரணம் என்ற நிரலில், திரும்பத் திரும்ப ஒரே சொல் வருகிறது: இந்தியா. சில பக்கங்களில் அந்தச் சொல்லை எழுதக்கூடப் பொறுமையின்றி மேலே எழுதியதற்குக் கீழே இரண்டு கோடுகள் மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இளைய தங்கைமாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். யாரையும் கேட்டுப் பிரித்த கணக்கல்ல இது. பதுளையிலும் ஹட்டனிலும் கண்டியிலும் ரயிலேறியவர்கள் பொல்காவலைக்குப் போய், அங்கிருந்து வடக்கே தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய் இறங்கினார்கள். மலையகம் அந்த ரயிலுக்கு வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பொல்காவலைக்குப் போகும் பாதை எங்கள் கடுகண்ணாவைக் கணவாயின் ஊடாகத்தான் இறங்குகிறது. வகுப்பில் பக்கத்தில் இருந்தவர்கள், எங்கள் ஊர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். சிலர் கர்நாடகத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். பின்னர் 1983 இன்னும் பலரைச் சிதறடித்தது. சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் கனடாவும் லண்டனும் அவுஸ்திரேலியாவும் நிறைய இருக்கின்றன. கூடலூரும் கோத்தகிரியும் இல்லை. சந்தா கட்டியவரின் பெயர்தான் பட்டியலில் ஏறும். சங்கம் ஒன்று இருக்கிறதென்று அறியாதவர் எப்படிச் சந்தா கட்டுவார்?

நாங்களாக அவர்களைத் தேடுவதும் எளிதல்ல. பெண் பிள்ளைகளின் சங்கத்துக்கு ஆண்களின் சங்கத்துக்கு இல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பள்ளிக்கு வந்தவள், கணவன் பெயரோடு முகநூலில் இருக்கிறாள். இடாப்பில் பெயர் ஆங்கிலத்தில், எழுதிய ஆசிரியர் விரும்பிய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஒரே வகுப்பில் மூன்று பரமேஸ்வரிகள். முஸ்லிம் சகோதரிகளின் பக்கங்களில் பாத்திமாக்களை எண்ணி முடியாது. தோட்டத்தின் பெயரை வைத்துப் பிரிக்கலாமென்றால், கந்தோர் கடிதத்தில் தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர், லயத்தில் வழங்குவது வேறொரு தமிழ்ப் பெயர். இந்த முடிச்சைக் கணினியால் அவிழ்க்க முடியாது. "அந்தப் பரமேஸ்வரி கங்காணி வீட்டுப் பிள்ளை, இடது கையால் எழுதுவாள்" என்று சொல்லக்கூடிய ஒரு வகுப்புத் தோழியால்தான் முடியும். அவர் வந்து எழுதுவதற்கு இடம் வேண்டும். எங்கள் மாற்றத்தின் காரணம் இவ்வளவுதான்.

வட்ஸ்அப் இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். ஒவ்வொரு வருடத்தவருக்கும் ஒரு குழு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அது கண்டி பஸ்ஸில் பேசும் பேச்சு. இறங்கினால் போயிற்று. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, ஒரு டீச்சரைப் பற்றி யாரோ அருமையாக எழுதிய நான்கு வரியை அடுத்த மாதம் தேடி எடுக்க முடிவதில்லை. இன்று சேர்கிறவருக்கு நேற்றுவரை பேசியது கிடைப்பதுமில்லை. கருத்துக்களத்தில் ஒவ்வொரு விடயமும் தனித் தலைப்பாக நிற்கும். ஐந்து வருடம் கழித்து வருகிறவர், கேள்விக்குக் கீழேயே பதிலை எழுதலாம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியல்ல. 1999இல் தொடங்கிய யாழ் இணையத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் அரசியலில் எல்லோருக்கும் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவுக்குள்ளேயே இல்லை. ஆனால் அதன் கருத்துக்களத்தின் அமைப்பைப் பாருங்கள். சமையலுக்கு 'நாவூற வாயூற', மரண அறிவித்தலுக்கும் அஞ்சலிக்கும் 'துயர் பகிர்வோம்', புதிதாக வருகிறவர் தம்மை அறிமுகம் செய்து எழுதிப் பழக 'யாழ் அரிச்சுவடி'. உலகெங்கும் சிதறிய மக்கள், ஊரில் இருந்த அறைகளையும் முற்றத்தையும் சொற்களால் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அரிச்சுவடி என்ற யோசனையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் களத்திலும் புதியவர் முதலில் 'வாசற்படி' என்ற பகுதியில் எழுத வேண்டும். எந்த வருடம், எந்த வகுப்பாசிரியர், எந்த இல்லம் என்று இரண்டு வரி போதும். அந்த வருடத்தவர் இருவர் "ஆம், இவர் எங்களோடு படித்தவர்" என்று சொன்ன பிறகே உள்ளறைகள் திறக்கும்.

செயற்குழுவில் இதற்குப் பலத்த எதிர்ப்பும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. எல்லோரும் எழுதலாம் என்றால் பொறுப்பு யாருக்கு என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்லாசிரியர் என்று இந்த மேடையில் புகழப்பட்ட ஒருவரைப் பற்றி, அவரிடம் அடிவாங்கிய மாணவி வேறு விதமாக எழுதக்கூடும். தோட்டத்துப் பிள்ளைகள் பின்வாங்கில் இருத்தப்பட்ட கதை வரக்கூடும். எங்கள் நிலைப்பாடு இது: ஏச்சும் அவதூறும் நிற்காது. அனுபவம் நிற்கும். மட்டுறுத்துநர்கள் மூவர் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். எதை நீக்கினாலும் காரணத்தை எழுதி, எழுதியவருக்கு அறிவித்த பின்பே நீக்குவார்கள். சத்தமில்லாமல் மறையும் பதிவு ஒன்று, பத்துப் பேரின் வாயை அடைத்துவிடும்.

படங்களைப் பற்றிய பயமும் சரியானதே. தொலைபேசி இலக்கம், முகவரி, பிள்ளைகளின் படங்கள் எவையும் வெளியார் கண்ணுக்குத் தெரியா. கூகுளில் தேடினாலும் அகப்படா. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்தே விதிகளை எழுதினோம். ஆனால் பழைய மாணவியர் பெயர்களும் படித்த வருடங்களும் உள்ள ஒரு பக்கத்தை, சம்மதம் தந்தவர்களின் அளவில், வாசலில் திறந்து வைக்கிறோம். கோத்தகிரியில் ஒரு பேத்தி தன் பாட்டி படித்த பள்ளியின் பெயரைத் தட்டிப் பார்த்தால் கதவாவது தெரிய வேண்டுமல்லவா?

அப்படி ஒருவர் வந்தும் விட்டார். பரீட்சார்த்தமாகக் களத்தைத் திறந்த முதல் மாதங்களில், நீலகிரியிலிருந்து ஒரு மகள் எழுதினார். அம்மா ஏழாம் வகுப்பு வரை இங்கே படித்தாராம். பள்ளியின் பெயரைச் சரியாகச் சொல்கிறார், ஆனால் எந்தக் காகிதமும் கையில் இல்லை. மழை நாளில் தன் குடையைக் கொடுத்தனுப்பிய ஒரு டீச்சரை மட்டும் அடிக்கடி சொல்வாராம். இரண்டு நாளில் கம்பளையிலிருந்து ஒருவர் டீச்சரின் பெயரை எழுதினார். டொரொன்டோவிலிருந்து இன்னொருவர், அந்தக் குடையின் நிறத்தைச் சொன்னார். அந்தத் தலைப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு வாசிக்கக் கண் தெரியாது. மகள் வாசித்துக் காட்டுகிறார்.

இனித் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். களத்தை இயக்குவது கட்டற்ற மென்பொருள், அனுமதிக் கட்டணம் கிடையாது. தளத்தின் முகப்புத் தனியாக எழுதப்படுவதில்லை. செயலாளர் அறிவித்தல் பகுதியில் இட்டதும் அது தானாக முகப்பில் வரும். பழைய தளத்தின் அறிவித்தல்கள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டோம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். தோட்டங்களில் சிக்னல் கிடைக்கும் இலட்சணம் தெரியும் என்பதால், எழுத்து முதலில் வரும், படம் கேட்டால் மட்டும் திறக்கும்.

பிரதி எடுத்து வைப்பதில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதக்காரர். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோதும், யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டபோதும், அங்கே வீடு கட்டியிருந்த எத்தனையோ சங்கங்களின் பேச்சுக்கள் அவற்றோடு போயின. அதனால்தான் முகநூலை மட்டும் நம்பி இருக்கவேண்டாம் என்கிறோம். களத்தின் முழுப் பிரதி மாதந்தோறும் இரண்டு இடங்களில் சேமிக்கப்படும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் மக்களின் நூல்களையும் பாடசாலை மலர்களையும் மின்வடிவில் காத்துவருகிறது. இந்த நூற்றாண்டு மலரையும் அவர்களிடம் ஒப்படைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இணையம் கைவராத மூத்தவர்களுக்காக, களத்தில் வரும் நினைவுகளைத் தொகுத்து அச்சிட்டுத் தபாலில் அனுப்புவோம். அவர்கள் கடிதமாக எழுதினால் நாங்கள் தட்டச்சு செய்து அவர்கள் பெயரிலேயே இடுவோம்.

மண்டபத்தின் வலப்பக்கக் கதவருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். இடாப்பில் 'இந்தியா' என்று குறித்த பெயர்கள் வருட வாரியாக அதில் உள்ளன. சாப்பிடப் போகும் வழியில் உங்கள் வருடத்தைப் பாருங்கள். யாரையாவது ஞாபகம் இருந்தால், தோட்டத்தின் பெயர், தங்கைமார் பெயர், பட்டப்பெயர் எதுவானாலும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பெயரைப் பதியும்போது கல்யாணத்துக்கு முந்திய பெயரை முதலில் எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவே வைத்திருக்கிறோம்.