யாருடைய தோள்மீது நிற்கிறோம்?



எழுத விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் எம்மைப் பணித்துள்ளனர். நாம் கவிஞரல்லர், பள்ளி ஆசிரியர். ஆகவே எமது சொல்லினும் ஒரு கவிஞரின் சொல்லை உங்கள் முன் வைப்பதே முறை எனக் கருதினோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, அரங்கில் நின்று வாயால் சொல்வதற்கென்றே எழுதப்பெறும் கவிதை வழக்கு ஒன்று செழித்து வளர்ந்துள்ளது. ஸ்போக்கன் வேர்ட் என்பர். அவ்வழக்கில் வந்தவர் அமண்டா கோர்மன். 1998இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தவர்; ஆசிரியையான தாயார் ஒருவரே வளர்த்த பிள்ளை. 2021 சனவரி 20ஆம் நாள், குடியரசுத் தலைவர் பைடன் பதவியேற்ற விழாவில் அவர் கவிதை சொன்னார். அப்போது அவருக்கு அகவை 22.

அத்தகைய நாவன்மை உடையவர்க்குப் பேச்சிலே குறை இருந்தது. ஆங்கிலத்து 'ஆர்' ஒலி நெடுங்காலம் அவர் நாவில் எழவில்லை. வாயால் சொல்ல இயலாததைத் தாளில் எழுதலானார். பின்னர், அவ்வொலி அடுக்கடுக்காய் வரும் 'ஹாமில்டன்' இசை நாடகப் பாட்டொன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார்.

ஆசிரியர் என்ற முறையில் இவ்விடத்தில் சிறிது நிற்க விரும்புகிறோம். ழகரம் வாராத பிள்ளையை எழுப்பி நிறுத்தி வகுப்பே நகைக்கச் செய்யும் வழக்கம் இன்றும் முற்றும் ஒழிந்ததில்லை. அப்பிள்ளை நம் தெருப் பிள்ளையாயின், நகைப்பு நாவோடு நிற்பதில்லை. தெருவையும் குலத்தையும் தொட்டுவிடும். அன்று மூடிய வாயைத் திறக்கச் சில பிள்ளைகளுக்குப் பத்தாண்டும் போதவில்லை. ஒலியைத் திருத்துதல் வேறு. பிள்ளையை இழித்தல் வேறு. கோர்மன் பாட்டால் பழகினார். எவருடைய நகைப்பாலும் அன்று. உங்கள் பாட்டி ஒப்பாரியிலும் தாலாட்டிலும் வழங்கும் சொல்லைக் கொச்சையென்று ஒதுக்கிவிட்டு எழுத முற்படாதீர். இலக்கணம் வேண்டாமென்பதன்று நம் கருத்து. தமிழாசிரியர்கள் எம்மீது சினங்கொள்ள வேண்டா.

கோர்மன் 2018இல் ஆற்றிய உரையொன்றில், தம் குரலைத் தேடுவோர்க்கு இரண்டு வினாக்களை வைத்தார். யாருடைய தோள்களின்மீது நிற்கிறாய் என்பது ஒன்று. எதன்பொருட்டு நிற்கிறாய் என்பது மற்றொன்று. எழுத்துக்கு அறிவுரை என்றால் எதுகை, மோனை, உவமை என எதிர்பார்ப்போம். அவரோ முன்னோரை வினவுகிறார்.

பதவியேற்பு விழாவுக்கு எழுதுமுன் அவர் பயின்றவை லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், பிரடெரிக் டக்ளஸ் ஆகியோரின் சொற்பொழிவுகள். டக்ளஸ் அடிமையாய்ப் பிறந்தவர். எசமானி எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினாள், எசமானன் தடுத்துவிட்டான். சிறுவன் சோர்ந்தானில்லை. தெருவிலிருந்த ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து, ஈடாக எழுத்தைப் பெற்றான்! ஐம்பது சென்ட் சேர்த்துச் சொற்பொழிவுத் திரட்டு ஒன்றை வாங்கிப் படித்தான். 1845இல் தன் வரலாற்று நூலை வெளியிட்டார். அதே 1845இல் பிறந்தவர் நம் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர் இயக்கம் அந்நாட்டுக் கருஞ்சிறுத்தைகளின் பெயரையே ஏற்றது. ஆகவே கோர்மன் நமக்கு அயலார் அல்லர். நம் பட்டதாரிகளுள் எத்தனை பேர் பண்டிதரின் ஒரு பக்கத்தையேனும் படித்துள்ளனர்?

இரண்டாம் வினாவுக்கு வருவோம். 2021 சனவரி 6ஆம் நாள் கலகக் கும்பல் வாசிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துள் புகுந்தபோது, அவர் கவிதை பாதியளவிலே நின்றிருந்தது. அன்றிரவு கண்விழித்து அதை முடித்தார். இரு வாரங் கழித்து அதே கட்டடத்தின் முகப்பில் நின்று சொன்னார்.

புகழ் வந்தால் எல்லாம் தீருமென்று எண்ணற்க. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், தம் வீட்டுக்கு நடந்து சென்ற அவரைக் காவலாளி ஒருவர் பின்தொடர்ந்து, இங்குதான் குடியிருக்கிறாயா என வினவி, ஐயத்திற்குரியவராய்த் தோன்றுவதாகவும் சொன்னாராம். அவரே இதை வெளியிட்டார். 2023இல் ஃபுளோரிடா மாநிலப் பள்ளியொன்றில், ஒரு பெற்றோரின் முறையீட்டின்பேரில் அக்கவிதை நூல் சிறுவர் பகுதியினின்று அகற்றப்பெற்று நடுநிலை மாணவர் பகுதியில் வைக்கப்பெற்றது. முறையீட்டில் நூலாசிரியர் பெயரே பிழை! நம் தெருவினின்று எழுதப் புறப்படுவோர் இதற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

செய்முறை பற்றி ஒன்று. சிகாகோவில் 1980களில் மார்க் ஸ்மித் என்னும் கட்டடத் தொழிலாளி தொடங்கிய கவிதைப் போட்டி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அதில் அவையிலிருந்து எடுத்த பொதுமக்களே நடுவர்; கவிதைக்கு நேரம் மூன்று நிமிடம். நம் கவியரங்குகளில் தலைவரின் அறிமுகத்துக்கே அது போதாது. எழுதியதை முதலில் உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டுமிடத்தில் வரி நீண்டுவிட்டது. நா தடுக்குமிடத்தில் இரவல் சொல் புகுந்துள்ளது. நெல் தூற்றும் அத்தை அதைக் கேட்டுத் தலையசைத்தால் மட்டுமே தாளில் மைகொண்டு எழுதுங்கள்.

கழக நூலகம் ஞாயிறு மாலைகளில் திறந்திருக்கும். எழுதியதைக் கொண்டு வாருங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். கேட்பதற்கு நாமும் வந்து அமர்ந்திருப்போம்.