காய்ச்சலும் சர்க்கரையும்: 2021 நமக்குக் கற்பித்த பாடம்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர்கள் கூடுகையில் பொது மருத்துவப் பிரிவின் டாக்டர் ஒருவர் ஆற்றிய உரை)



கொரோனாவைப் பற்றி இன்னமும் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்திலேயே அந்த அவசரநிலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் அந்த நாட்களில் வார்டில் நின்ற எங்களுக்கு ஒரு காரியம் இன்னும் மனதில் நிற்கிறது. கொரோனா வந்த எல்லாரும் ஒரேவிதமாகக் கஷ்டப்படவில்லை. ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு வந்தது. நால்வர் வீட்டிலேயே சுகமானார்கள். ஒருவர் மூச்சுத் திணறி வந்தார். அந்த ஒருவரின் விரலில் குத்திப் பார்த்தால் பெரும்பாலும் சர்க்கரை ஏறியிருக்கும்.

இது எங்கள் ஆஸ்பத்திரி அனுபவம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் மே 11 வரை மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்த 23,698 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சர்க்கரை வியாதி உள்ளவர். அந்நாட்டு மக்களிலோ இருபது பேரில் ஒருவருக்குத்தான் சர்க்கரை வியாதி. வயது முதலான வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு மரண ஆபத்து இரு மடங்காகவும், பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கும் முதல் வகை உள்ளவர்களுக்கு மூன்றரை மடங்காகவும் இருந்தது.

ஏன் இப்படி? இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்கும்போது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. இரத்தக் குழாய்களின் உட்சுவர் பல வருடங்களாகவே பழுதுபட்டிருக்கும். இரத்தம் எளிதில் உறையும். கொரோனா தாக்குவதும் நுரையீரலோடு அந்த இரத்தக் குழாய்களைத்தான். இன்னொரு பக்கமும் உண்டு. எந்தக் கடும் காய்ச்சல் வந்தாலும் உடல் சில ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கிறது. அவை இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆகவே சர்க்கரை நோயைக் கடுமையாக்குகிறது, நோய் சர்க்கரையை ஏற்றுகிறது. தங்களுக்குச் சர்க்கரை இருப்பதையே கொரோனா வந்த அன்றுதான் அறிந்தவர்கள் அநேகர்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. சீனாவின் ஹூபே மாகாணத்தில் கொரோனாவோடு இரண்டாம் வகை நீரிழிவும் இருந்த 952 பேரைக் கவனித்தார்கள். நோயின்போது சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் நின்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் இறந்தார்; அதற்கு மேல் போனவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் இறந்தனர். கடும் நோயே சர்க்கரையை ஏற்றும் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதும் சர்க்கரையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சர்க்கரையை அடக்கி வைக்க நாம் எடுக்கும் பிரயாசம் வீண் அல்ல என்பது தெரிகிறது.

2020 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தால், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெறுகிறவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைகிறது என்று நிரூபித்தார்கள். எங்களைப் போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் உயிர் காக்கும் அதே மருந்து சர்க்கரையை வேகமாக ஏற்றுகிறது. காலையில் மருந்து கொடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாலையிலும்தான் சர்க்கரை உச்சிக்குப் போகும். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் ஏறக்குறையச் சரியாகவே தெரியலாம்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2021 மே மாதம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் எங்களிடம் சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஆறு வருடமாய்ச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டார். வாசலில் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்ற நாட்கள் அவை. காலைச் சர்க்கரையை மட்டும் பார்த்தோம். "சர்க்கரை மாத்திரையைத் தொடரவும்" என்று சீட்டில் ஒரு வரி எழ்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் இமை தொங்கி, மூக்கில் கருப்பாக நீர் வடிந்தது. சர்க்கரை 400-க்கு மேல்.

"மாத்திரை சாப்பிட்டீங்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"வாய்க்கு ருசியே இல்ல டாக்டரம்மா. கஞ்சி மட்டும்தான் குடிச்சேன். சாப்பிடாம எதுக்குச் சர்க்கரை மாத்திரைன்னு நிறுத்திட்டேன்" என்றார்.

தெம்பு வரட்டும் என்று வீட்டார் குளுக்கோஸ் தண்ணீரும் பழரசமும் கொடுத்திருந்தார்கள். அசதி தீராததால், எங்கள் பழைய சீட்டைக் காட்டி அதே ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி இன்னும் இரண்டு வாரம் சாப்பிட்டிருந்தார்.

கருப்புப் பூஞ்சை என்று நீங்கள் பத்திரிகைகளில் வாசித்தது இதுவே. அந்தப் பூஞ்சை மண்ணிலும் அழுகும் இலைகளிலும் எங்கும் உள்ளது. சுகமாயிருக்கிறவரை அது ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை மிஞ்சி, ஸ்டீராய்டால் எதிர்ப்புச் சக்தியும் குறைந்த உடலில் அது மூக்கின் வழியாய்ப் புகுந்து, எலும்பையும் கண்ணையும் அரித்து, மூளை வரை போகிறது. 2021 ஜூன் 28 அன்று மத்திய அரசு அறிவித்தபடி, அதுவரை நம் தேசத்தில் 40,845 பேருக்கு இந்நோய் கண்டிருந்தது. அவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குக் கொரோனா வந்திருந்தது. 64 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. 52 பேர் ஸ்டீராய்டு பெற்றிருந்தார்கள். ஆம்போடெரிசின் ஊசி மருந்துக்கு அப்போது நாடெங்கும் தட்டுப்பாடு.

அவருக்கு மேல்தாடையில் ஒரு பகுதியையும் ஒரு கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது. இன்று ஆட்டோவை அவர் மகன் ஓட்டுகிறான்.

அவர் செய்த தவறு என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. மதியச் சர்க்கரையை நாங்கள் பார்க்கவில்லை. காய்ச்சலில் சாப்பாடு குறைந்தாலும் சர்க்கரை ஏறும் என்பதை ஒருவரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. ஸ்டீராய்டை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதவில்லை.

அதற்குப்பின் எங்கள் வார்டின் வழக்கம் மாறிற்று. ஸ்டீராய்டு பெறும் எவருக்கும், சர்க்கரை உண்டோ இல்லையோ, காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளையும் பார்க்கிறோம். வீட்டுக்குப் போகும்போது, கருவி வாங்க வசதியில்லாதவர்களுக்குக் குளுக்கோமீட்டரும் பரிசோதனைப் பட்டைகளும் இரவலாகக் கொடுத்து, குடும்பத்தில் ஒருவருக்கு விரலில் குத்திப் பார்க்கப் பழக்கி அனுப்புகிறோம். அந்தக் கருவிகள் நீங்கள் அனுப்பிய காணிக்கையில் வாங்கியவை என்பதை நன்றியோடு சொல்லுகிறேன்.

இந்தப் பாடம் கொரோனாவோடு முடிவதில்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதன் விளிம்பில் இருப்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். காசநோயும் சர்க்கரை உள்ளவர்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாய்ப் பிடிக்கிறது.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைகளில் சிலவற்றை நிறுத்த வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் சொல்லட்டும். ஸ்டீராய்டு மாத்திரையைச் சீட்டில் உள்ள நாளுக்கு மேல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது குளுக்கோஸ் டப்பா வாங்கிப் போவது நம் வழக்கம். அடுத்த முறை, "சர்க்கரை பார்த்தீங்களா?" என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆட்டோக்காரரின் வீட்டில் அதை யாராவது கேட்டிருந்தால், அவர் கண் தப்பியிருக்கலாம்.