சாப்பாட்டு மேஜையில் கற்ற பாஷை

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பேசும்படி கிளைத் தலைவர் பணித்தார். பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்தவர்கள் இந்தச் சபையிலேயே பாதிப்பேர் இருப்பீர்கள். நயாகராவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே, ஸ்பானிஷ் மொழி கற்பதற்காக நாலு வாரம் அயலார் வீட்டில் தங்கிய கதையைச் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு கோடை விடுமுறை. என் மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். மாட்டுப்பெண் அங்கே பிசியோதெரபிஸ்ட். அவளிடம் வரும் நோயாளிகளில் பலருக்கு ஸ்பானிஷ்தான் பேச்சு. அதை முறையாகக் கற்க குவாதமாலா நாட்டில் அன்டிகுவா என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போவதென்று தீர்மானித்தார்கள். "நீங்களும் அம்மாவும் வாங்கோப்பா, ஊரையும் பார்த்தாப்போல இருக்கும்" என்றான் மகன். பன்னிரண்டு வயதுப் பேத்தியையும் சேர்த்து ஐந்து பேர் கிளம்பினோம்.

அன்டிகுவா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டின் உயரம். சீதோஷ்ணமும் ஏறக்குறைய அப்படித்தான். ஸ்பானியர் காலத்தில் அதுதான் தலைநகரம். 1773இல் வந்த பூகம்பத்தில் இடிந்துபோக, 1776இல் தலைநகரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1979இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஊருக்குப் பக்கத்திலேயே ஃபுவேகோ என்ற எரிமலை அடிக்கடி புகையைக் கக்கிக்கொண்டிருக்கும்.

அங்கே ஸ்பானிஷ் பள்ளிகள் நிறைய. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்; காலையில் நாலு மணி நேரம் பாடம். தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றைப் பள்ளியே ஏற்பாடு செய்துவிடும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மூன்று வேளை சாப்பாடும் அவர்களோடுதான். எனக்கு உதறல் எடுத்தது இந்த இடத்தில்தான்.

பயந்தபடியே முதல் இரவே சோதனை வந்தது. நாங்கள் மாமிசம் சாப்பிடாதவர்கள் என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். வீட்டுக்கார அம்மையார் காய்கறி சூப் வைத்தார். விசாரித்ததில், அது கோழி வேகவைத்த நீரில் செய்தது என்று தெரிந்தது. அங்கே 'மாமிசம்' என்ற சொல்லுக்குப் பலர் கோழியைக் கணக்கில் சேர்ப்பதில்லை! நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டேன். என் மனைவி பின்னாலேயே வந்து, "ஏன்னா, வேணும்னா பண்ணினா? அந்த மாமி கண் கலங்கி நிக்கறா. அவாத்துக்கு நாமதானே வந்திருக்கோம்?" என்றாள்.

மறுநாள் காலை அந்த அம்மையார் என் மனைவியைச் சந்தைக்கு அழைத்துப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. விரலால் சுட்டிக்காட்டியே காய்கறி வாங்கினார்கள். திரும்பும்போது அவர் கையில் ஒரு புதுப் பாத்திரம். நாங்கள் இருந்த நாலு வாரமும் அந்தப் பாத்திரத்தில் எங்கள் சமையலைத் தவிர வேறெதையும் அவர் செய்யவில்லை. கறுப்பு பீன்ஸை எண்ணெயில் வதக்கி, சோளத் தோர்த்தியா சுட்டு, வாழைப்பழத்தைப் பொரித்துத் தருவார். பி.எஸ்ஸி.யில் கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் ஒன்று கவனித்தேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்துத்தான் அரைக்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பாவில், அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளை பெலாக்ரா என்ற நோய் வாட்டியது.

இனி பாஷைக்கு வருகிறேன். பள்ளியில் இலக்கணம் வந்தது. பேச்சு வந்ததோ சாப்பாட்டு மேஜையில்தான். அந்த வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. உப்பு வேண்டுமென்றால் ஸ்பானிஷில் கேட்டால்தான் உண்டு. நானும் முயன்றேன். 'பெரோ' என்பதில் ரகரத்தை லேசாகச் சொன்னால் 'ஆனால்' என்று அர்த்தம். அழுத்தி உருட்டினால் 'நாய்'. "சாப்பாடு பிரமாதம், நாய் காரம் போதாது" என்று பல நாள் சொல்லியிருக்கிறேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அவளே ஒருநாள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். "தாத்தா, 'மெ குஸ்தா' அப்படீன்னா 'ஐ லைக்' இல்லை, 'எனக்குப் பிடிக்கும்'! தமிழ் மாதிரியே இருக்கு" என்றாள். நம்மைப் போலவே வினைச்சொல்லின் விகுதியே 'நான்', 'நீ' என்று காட்டிவிடுகிறது. நமக்கு நீ, நீர், நீங்கள் இருப்பதுபோல அங்கே வோஸ், தூ, உஸ்தெத் என்று மூன்று உண்டு. அதுவரை தமிழில் பேசக் கூச்சப்பட்ட குழந்தை, ஸ்பானிஷை முன்னிட்டுத் தமிழைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கடைசி வாரம் என் மனைவி அந்த அடுப்படியில் ரசம் வைத்தாள். புளி அங்கேயே கிடைக்கிறது, பெயர் 'தமரிந்தோ'. அம்மையார் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1984ஆம் வருஷம் டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். தமிழ் படிக்க வந்த ஜப்பானிய மாணவர் ஒருவர் ஒரு நண்பர் மூலமாக வந்தார். "இரண்டு மாதம் உங்களோடு இருந்தால் பேச்சுத் தமிழ் வந்துவிடும். என்ன கொடுத்தாலும் சாப்பிடுவேன்" என்றார். "அரசுக் குடியிருப்பில் வெளியாரை வைத்துக்கொள்ள விதி இடம் தராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதி உண்மைதான். ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் விதி அல்ல. நம் அடுப்படியில் அயலாரா என்ற எண்ணம்தான். முறைப்படி அனுமதி கேட்டுப் பார்க்கலாமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர் கும்பிட்டு விடைபெற்ற காட்சி முப்பத்தைந்து வருஷம் கழித்து அன்டிகுவாவில் என் கண்முன் வந்து நின்றது.

ஆசாரத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மையார் தம் வழக்கம் எதையும் விடவில்லை. எங்களுக்காக ஒரு பாத்திரம் கூட வாங்கினார், அவ்வளவே. நம் ஆசாரம் அங்கே பிழைத்தது அவருடைய பெருந்தன்மையால்.

இன்று பல ஊர்களில் நம் குடும்பங்களுக்கு வேற்று மொழிப் பெண்கள் மாட்டுப்பெண்களாக வருகிறார்கள். "தமிழே தெரியலை" என்று குறைப்படுகிறோம். எங்கே போய்க் கற்பார்கள்? எங்கள் குடியிருப்பில் ஒரு மராத்திப் பெண், தமிழ்ப் பிள்ளையை மணந்தவள், இரண்டு வருஷமாக மாலை ஒரு மணி நேரம் எங்கள் அகத்துக்கு வருகிறாள். பாடப் புத்தகம் கிடையாது. என் மனைவியோடு அரிவாள்மணையில் காய் நறுக்குவாள், டிபன் சாப்பிடுவாள், போவாள். போன வாரம், "மாமா, சாம்பார் நன்னாருக்கு, ஆனா உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். 'ஆனா' என்று சரியாகவே சொன்னாள், நாய் வரவில்லை!

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் காபி கொடுங்கள். தமிழ் தானே வரும்.