அப்பம் கொடுக்கும் கை

(சபைச் சீர்திருத்த நாளையொட்டி நாகர்கோவிலில் இளைஞர்கள், மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



லுத்தரைப் பற்றிப் பேசச் சொன்னீங்க. 1517, விட்டன்பர்க், பாவமன்னிப்புச் சீட்டு. இதையெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே படிச்சிட்டீங்க. அதனால் நான் என் பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று வரிசையாகச் சொல்லுவாள். சாம்பவர் தெருவில் பிறந்து, வயக்காட்டில் களை பறித்த பெண் அவள். 1529-இல் ஜெர்மனியில் வீட்டுக்காரர்களும் பிள்ளைகளும் படிக்க எழுதப்பட்ட புத்தகம், அவள் வாயில் நாஞ்சில் தமிழாக இருந்தது.

எனக்குப் பதினாறு வயசிருக்கும். வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். மறுநாள் ஞாயிறு. அங்குள்ள கோயிலில் திருவிருந்துக்கு முன்னே போய் முழங்காலிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அடுத்த வரிசையில் வந்து வாங்கினார். அப்பம் ஒண்ணு, பாத்திரம் ஒண்ணு. முழங்காலுக்கு மட்டும் தனிச் சாதி.

திரும்பி வரும்போது பாட்டி சொன்னாள்: "லே மக்கா, சாமி நம்ம வாய்க்குள்ள வாறாரு. அவருக்கு இல்லாத தீட்டு இவனுகளுக்கு எங்கேருந்து வந்து?"

லுத்தரன் இறையியலின் மையம் இதுதான். 1529-இல் மார்பர்க்கில் ஸ்விங்லியோடு லுத்தர் உடன்பட மறுத்ததும் இந்த இடத்தில்தான். அப்பமும் ரசமும் வெறும் நினைவுச் சின்னம் என்பதை அவர் ஏற்கவில்லை. கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே அங்கே இருக்கிறது என்றார். தொட்டால் தீட்டு என்று சொல்லும் நாட்டில் இதற்கு என்ன அர்த்தம்? கடவுள் தொடுகிறார், தொடப்படுகிறார், நாக்கில் வைக்கப்படுகிறார். தீண்டாமைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எது?

ஆனால் அந்த அப்பத்தைக் கொடுக்கும் கை யாருடையது? சிக்கல் அங்கே வந்தது.

1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். வேளாளர். அடுத்து யாருக்கு என்ற பேச்சில் ராஜநாயக்கன் பெயர் வந்தது. தஞ்சை மன்னர் படையில் இருந்தவர், சிறந்த உபதேசியார். பிறப்பால் பறையர். அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். 1741-இல் பட்டம் தியோகுக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் என்று போதித்த அதே பீடத்தில்தான் பிறப்பும் பார்க்கப்பட்டது.

இதற்கு இறையியல் நியாயமும் கற்பித்தார்கள். கடவுளுக்கு இரண்டு ஆட்சி: ஒன்று ஆன்மாவுக்கு, இன்னொன்று உலகத்துக்கு. சாதி உலக வழக்கம், அதைச் சபை பலவந்தமாக ஒழிக்க வேண்டியதில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் லைப்சிக் மிஷன் வாதிட்டது. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, அதைப் பொறுக்காத வேளாளர் பலர் பிற்பாடு லுத்தரன் பக்கம் வந்தார்கள். இது நம் வரலாறு. மறைக்க வேண்டாம். லுத்தரும் 1525-இல் உழவர்கள் எழுந்தபோது பிரபுக்கள் பக்கம் நின்று கடுமையாக எழுதியவர்தான். அதையும் மறைக்க வேண்டாம்.

இனி நம்ம மண்ணுக்கு வருவோம். மயிலாடியில் மகாராசன் என்ற சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் கோல்ஹாஃப் என்ற லுத்தரன் குருவின் போதனையைக் கேட்டு ஞானஸ்நானம் வாங்கி, வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில்தான் 1806-இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். லண்டன் மிஷன் அனுப்பியவர் என்றாலும் அவரும் ஜெர்மன் லுத்தரன்தான். 1816-இல் அவர் ஊரைவிட்டுப் போகும்போது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி வரும்வரை திருச்சபையை நடத்தியது ஒரு சாம்பவர். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருசம் முன்னாலேயே, சட்டம் அடிமையென்று சொன்ன சாதியின் கை சபையைத் தாங்கியிருக்கிறது. மிஷனரி வந்து நம்மைக் கண்டெடுத்தான் என்று இனி யாரும் சொல்லாதீங்க. நாம் போய் அழைச்சிட்டு வந்தோம்.

1907-இல் மிசூரி லுத்தரன் மிஷன் நாகர்கோவிலுக்கு வந்ததும் இப்படித்தான். முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சாம்பவர்கள். சபைக்குள்ளும் சாதி இருந்ததால், தலை நிமிர்ந்து உட்கார ஒரு பெஞ்சு தேடினார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 1958-இல் அது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன் காலில் நின்றது.

லுத்தர் 1520-இல் எழுதினார்: ஞானஸ்நானம் பெற்ற எல்லாருமே ஆசாரியர்கள், செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் எல்லாரும் ஒரே தகுதி. இங்கே ஒரு ஆபத்து இருக்கு. 'அவனவன் தொழில் அவனவன் அழைப்பு' என்று இதைச் சாதிக்காரன் திருப்பிச் சொல்லுவான். மலக்குழியில் இறங்குவதும் கடவுள் அழைப்பாகிவிடும். பிறப்பு தரும் தொழில் அழைப்பாகாது. தாமிரச் சுரங்கத் தொழிலில் இருந்தவரின் மகன் லுத்தர். அப்பா விரும்பிய வக்கீல் தொழிலை விட்டார், பிறகு துறவறத்தையும் விட்டார், 1525-இல் கல்யாணம் செய்தார். அயலானுக்கு எது பயனோ அதுதான் அழைப்பு. அயலானை மிதிக்கும் வேலையும் அழைப்பில்லை, மிதிபடுவதும் அழைப்பில்லை.

வழிபாட்டுக்கும் இதுவே அளவுகோல். 1526-இல் லுத்தர் ஆராதனையை மக்கள் மொழியில் அமைத்தார். அப்படியானால் பீடத்துக்கு முன்னால் பறை அடிப்பது லுத்தரன் மரபுக்கு விரோதமா? தியாபிலஸ் அப்பாவு, நம்ம பறட்டை அண்ணன், தென்னிந்தியத் திருச்சபைக்காரர். கிராமிய இசையில் வழிபாடு அமைத்தார், ஒரே உலையில் பொங்கித் தின்பதைத் திருவிருந்தின் பொருளாகக் காட்டினார். சென்னை குருகுல் லுத்தரன் கல்லூரியில் 1980-களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்குத் துறையே தொடங்கினார். ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுத்த மரபுக்குள்ளிருந்தே இந்தப் பதில் வந்தது.

கடைசியாக, வீட்டுக்குப் போய்க் கேட்க நாலு கேள்வி. உங்க சபையில் அப்பம் கொடுக்கும் கை எந்தத் தெருவிலிருந்தெல்லாம் வந்திருக்கிறது? கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறதா? திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்த இரண்டு குடும்பம் சம்பந்தம் பேசுமா? 1950-ஆம் ஆண்டு ஆணை, கிறிஸ்தவனான தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியதே, அதற்காக உங்க போதகர் பிரசங்க பீடத்தில் ஒரு தடவையாவது வாய் திறந்தாரா?

பதில் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அப்பம் திங்கட்கிழமை வரை செரிக்கவில்லை என்று அர்த்தம்.

எழுந்து போன அந்தப் பெரியவரை நான் பிறகு பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. பாட்டி நகர்ந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள், கை நீட்டினாள்.