ஐந்து தமிழ்ச் சொற்கள்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



உணவுக் கடை நடத்துகிறவன் கடையைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது பாலர் பள்ளிகளிலும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிலும் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் படிப்பைப் பற்றி.

என் மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, பராமரிப்பு நிலையத்தில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரே வெட்கம். வீட்டில் அதட்டினேன். "வாயில கொஞ்சம் மிளகாயத் தடவு, சரியாப் போயிடும்" என்றார்கள் உம்மா. அந்த வாரக் கடைசியில் வகுப்பு ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். சீனப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. புகார் சொல்லப் போகிறார் என்று போனால், ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். மகள் எத்தனை மணிக்குக் கடித்தாள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வாரம் எழுதி வைத்திருந்தார். எல்லாமே மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். எல்லாமே கையிலிருந்த பொம்மையை வேறொரு பிள்ளை பிடுங்கியபோது. "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். தமிழ் என்றோம். அங்கே ஆங்கிலம். பொம்மை பறிபோனால் என்ன சொல்வது என்று என் மகளுக்குத் தெரியவில்லை, அதனால் கடித்தாள். அந்த ஆசிரியை "தா", "வேணாம்", "என்னோடது", "பசிக்குது", "வலிக்குது" என்ற ஐந்து சொற்களை எங்களிடம் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். மறுநாளே நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். ஒரு மாதம் ஆனது.

"இதெல்லாம் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். பிள்ளையைக் கவனித்துக் குறிப்பெடுப்பதே அவர்களுக்கு ஒரு பாடமாம். வகுப்பறைப் படிப்போடு, நிலையங்களுக்கே போய் மூத்தவர் ஒருவரின் பார்வையில் செய்முறைப் பயிற்சியும் செய்ய வேண்டும். கைக்குழந்தையை மல்லாத்தித்தான் தூங்க வைக்க வேண்டும் என்பதிலிருந்து, வயதுக்கேற்ற பேச்சு வராத பிள்ளையைப் பெற்றோர் மனம் நோகாமல் அவர்களிடம் எடுத்துச் சொல்வது வரை கற்றுத் தருகிறார்கள். 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் 5 பேருக்கு ஒருவர், அதற்குப் பிறகு 30 மாதம் வரை 8 பேருக்கு ஒருவர் என்று கணக்கும் உண்டு. எட்டு இரண்டு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டவர்கள் இங்கே யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

என் கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவர்கூட உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதை நாம் தப்பு என்று சொல்வதில்லை. ஆனால் பிள்ளை பார்க்கப் படிப்பு என்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அப்படிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2010-இல் என் தங்கை ஓ நிலைத் தேர்வு முடித்துவிட்டு, பாலர் கல்வி டிப்ளோமா படிக்க ஆசைப்பட்டாள். "புள்ள பாக்குறதுக்கு டிப்ளோமாவா? உம்மா எந்தக் காலேஜுக்குப் போனாங்க?" என்று முதலில் கேட்டது நான்தான். அப்போது நானே பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு வந்த திமிர் வேறு. வாப்பா என் பேச்சைக் கேட்டார்கள். தங்கை ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அதிலேயே இருந்தாள்.

என் மகளின் கதையைச் சொன்ன அன்று, "காக்கா, நான் இப்பப் படிக்கலாமா?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் தனித்தனியாக நடந்த பாலர் கல்விப் படிப்புகளை ஒன்றுசேர்த்து 2019-இல் என்ஐஇசி என்ற தேசியக் கழகம் வந்தது. வேலை பார்ப்பவர்களுக்குப் பகுதிநேரப் படிப்பும் உண்டு. நம் மகளிர் அணியில் 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு, 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி வந்திருக்கிறது. எந்தப் படிப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று பாருங்கள். தமிழ் கற்பிக்கும் பாலர் பள்ளி ஆசிரியருக்கும் இதே மாதிரிப் பயிற்சி வேண்டும். தமிழ் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது.

தங்கை மாலை வகுப்புக்குப் போகிறாள். வகுப்பு நாட்களில் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சாப்பாடு என் வீட்டில்தான். மச்சான் வேலை முடிந்து வந்து அழைத்துப் போவார். எல்லா வீட்டிலும் இப்படி ஆள் இருக்காது.

அதனால் நிர்வாகக் குழுவிடம் இரண்டு கோரிக்கைகள். நம் சங்கத்தின் கல்வி உதவி விண்ணப்பத்தில் "முழுநேர மாணவர், 25 வயதுக்குள்" என்று இருக்கிறது. அந்த நிபந்தனையை எழுதியபோது நாம் நினைத்தது பையன்களை. வருகிற பொதுக்கூட்டத்தில் அதைத் திருத்த வேண்டும். இரண்டாவது, வாரத்தில் இரண்டு இரவுகள் நம் மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது. படிக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மகளிர் அணியில் மூன்று பேர் இப்போதே சரி என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு இரவும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு என் கடையிலிருந்து வரும், இன்ஷா அல்லாஹ்.