உமணரின் சேம அச்சு

(மரக்காணத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊரில் நின்றுகொண்டு, சென்னை மாநகரின் போக்குவரத்து மேலாண்மை மையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உப்பு வேகும் வெயிலில் நிற்கிறோம், எங்களிடம் வந்து பட்டணத்து நெரிசலைப் பேசுகிறாரே!" என்று நீங்கள் எண்ணலாம். எண்ணுவது இயல்பே. ஆனால், உங்கள் உப்பு ஏறிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு முனை சென்னையிலே இருக்கிறது. அந்த முனையில் விழும் முடிச்சு, இந்த முனையிலும் இறுகத்தானே செய்யும்?

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் அறிஞர். ஆற்றுப்படை என்றால் என்ன? ஆறு என்றால் வழி. வழி அறிந்தவன், வழி தேடுபவனைக் கண்டு, "இப்படிப் போ, இன்னது காண்பாய்" என்று எடுத்துரைப்பது. போக்குவரத்து மையம் ஆற்ற வேண்டிய பணியும் அதுவே. சந்திகளில் உள்ள கேமராக்கள் காட்டுவதைக் காணுதல், நெரிசலுக்கு ஏற்பச் சைகை விளக்கின் நேரத்தை மாற்றுதல், பேருந்து எங்கே வருகிறது என்று பயணிக்கு அறிவித்தல், விபத்து நேர்ந்த இடத்திற்கு உதவியை விரைந்து அனுப்புதல் ஆகியவை அதன் தொழில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1984 ஒலிம்பிக்கையொட்டி, சைகை விளக்குகளைக் கணிப்பொறியின் பொறுப்பில் விடத் தொடங்கியது. சென்னைக்கும் நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பை நிறுவ ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2018இல் கடன் ஒப்பந்தம் ஆயிற்று.

வரட்டும், வரவேற்போம். ஆனால் எப்படி வர வேண்டும்?

உப்பளத் தோழரைக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலே பாத்தியை மிதிப்பாரா? நீர் எங்கிருந்து வரும், எங்கே தேங்கிச் செறியும், மழை பெய்தால் எவ்வழியே வடியும் என்று பார்த்த பிறகே வரப்புப் போடுவார். திட்டம் தீட்டும் பெரியவர்கள் சிலரோ முதலில் கட்டடம் காண்கிறார்கள். சுவர் முழுதும் திரை காண்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நாள் காண்கிறார்கள். உள்ளே நடக்கும் வேலை என்ன என்பதைக் கடைசியில் காண்கிறார்கள்!

ஆகவே, மூன்று கேள்விகள்.

முதலாவது: உள்ளே அமர்வோர் யார்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1996இல் திறந்த மையத்தில் மாநில அரசு, மாவட்டம், மாநகராட்சி, பேருந்துக் கழகம் ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. சாலையைக் காப்போரும், புயல் நாளில் மக்களைக் காப்போரும் அங்கே அண்டை வீட்டார். நம் சென்னையில்? போக்குவரத்துத் துறைகளை ஒன்றிணைக்கும் குழுமத்துக்குச் சட்டம் இயற்றியது 2010இல். அதன் முதற்கூட்டம் நடந்தது 2022இல். சட்டம் எழுதுவது எளிது. ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்கோ பன்னிரண்டு ஆண்டுகள்! காவல்துறை, மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, பேருந்துக் கழகம், 108 ஊர்தி ஆகிய அனைத்துக்கும் அந்த அறையில் நாற்காலி வேண்டும். அண்டை மாவட்டங்களோடு அறாத தொடர்பும் வேண்டும்.

ஏன் வேண்டும்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. உங்கள் பாத்திகள் மூழ்கின. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் நின்றது; அரசூரில் தேசிய நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது. சென்னையில் குழந்தை குட்டிகளோடு பேருந்து ஏறுபவனுக்கு, "அப்பா, வழியில்லை, இன்று புறப்படாதே" என்று சொல்லும் வாய் ஒன்று வேண்டாமா?

இரண்டாவது: மையம் எங்கே நிற்கும்? உப்பு வாணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமும் கடக்கும் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு அறியும். ஓர் அச்சு முறிந்தால் மற்றொன்று! அந்த அறிவை மறந்தோர் என்ன ஆனார்கள்? 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், ஆபத்துக்கு உதவ வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்கள் பல அடித்தளத்தில் இருந்தன. கடல் புகுந்தது; கைகொடுக்க வேண்டியவை முதலில் மூழ்கின. தாழ்ந்த நிலத்தில் மையம், தரைத்தளத்தில் ஜெனரேட்டர், செய்திக்கு ஒரே கம்பி என்று கட்டினால், மழை ஓங்கும் நாளில் அந்த மையம் இருண்டுகிடக்கும். மேட்டு நிலம், இரண்டு வழி மின்சாரம், இரண்டு வழிச் செய்தித் தொடர்பு ஆகியவை ஆடம்பரமல்ல. அவையே இக்காலத்துச் சேம அச்சு.

மூன்றாவது: மையம் எவருக்காக? கார் விரைவதற்கு மட்டுமா? சாலையைக் கடக்கத் தயங்கும் மூதாட்டிக்கு எத்தனை நொடி? பேருந்துக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கு என்ன செய்தி? எத்தனை பேரிடம் அபராதம் வாங்கினோம் என்று கணக்குக் காட்டும் மையம் வசூல் சாவடியாகும். எத்தனை உயிரைக் காத்தோம் என்று கணக்குக் காட்டுவதே மக்கள் மையம். அங்கே இரவெல்லாம் திரையில் விழி பதித்திருப்போரும் உழைப்பாளரே. அவர்களுக்கு ஓய்வறை, உணவறை, பெண்களுக்குத் தனியறை, நிலையான பணி ஆகியவற்றை வரைபடத்திலேயே எழுத வேண்டும். களைத்த கண்ணுக்கு விபத்து தெரியாது.

தோழர்களே! நாளை மற்ற நகரங்களிலும் இத்தகைய மையங்கள் எழலாம். அப்போது கட்டடத்தின் உயரத்தைக் கண்டு வியந்து திரும்பிவிடாதீர்கள். யார் அமர்வர், எங்கே நிற்கும், எவருக்காக இயங்கும் என்று கேளுங்கள். நம் ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வண்டி புறப்படும் முன்பே சேம அச்சைக் கட்டச் சொல்லுங்கள். நடுவழியில் முறிந்தபின் கேட்டுப் பயனில்லை என்பது உமணர் வழி வந்த உங்களுக்குத் தெரியாததா?