நாற்காலி போகும், தீர்மானம் நிற்கும்!

(கோடைப் பயிற்சி முகாமில் ஊராட்சி மன்ற முன்னாள் தலைவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கத்திரி வெயில் கொளுத்துகிறது. விடுமுறைக்கு ஊர் வந்த நீங்கள் வீட்டில் படுத்திருக்காமல் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக! ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த 5 ஆண்டுகளில் நான் கற்ற ஒரு பாடத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் பெருமைப்படக் கொஞ்சமே உண்டு. வெட்கப்பட வேண்டியதும் உண்டு. அதையே முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தவறு

2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்று, 2020 ஜனவரியில் பொறுப்பேற்றேன். முதல் கோடையிலேயே ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. லாரியில் தண்ணீர் கொண்டு வந்தோம். அந்த லாரியை முதலில் எங்கே நிறுத்தச் சொன்னேன் தெரியுமா? எங்கள் பள்ளிவாசல் தெருவில்! 'நம் சமுதாயத்திற்கு நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்?' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

கீழத்தெருவின் பெண் உறுப்பினர் ஒருநாள் என்னை வழிமறித்துக் கேட்டார்: "தலைவரே, உங்க தெருவுல குடம் நெறஞ்ச பொறவுதான் எங்க குடமா? ஓட்டுக் கேக்க மட்டும் எங்க தெருவுக்கு முதல்ல வந்தீங்களே?"

சகோதரர்களே! பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நமக்கு அநீதி நடக்கிறது என்று மேடைதோறும் பேசுகிற நாம், நம் கையில் ஒரு சிறு அதிகாரம் வந்ததும் அதே அநீதியைப் பிறருக்குச் செய்யலாமா? நாளை மறுமையில் அந்தக் குடங்களுக்கும் கேள்வி உண்டல்லவா?

கொரோனாக் காலம் கழிந்து, 2022 மே 1 அன்று கூடிய கிராம சபையில் இதை வெளிப்படையாக வைத்தேன். இனி லாரி வார்டு முறைப்படி செல்லும். ஒவ்வொரு நாளும் வேறொரு தெருவிலிருந்து தொடங்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. கீழத்தெருப் பெண்கள் கூட்டமாக வந்து கையெழுத்திட்டார்கள். நம் தெருவிலிருந்து வந்தவர்களோ விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள்! ஜும்ஆவுக்கு வெளிவாசல் வரை சஃப் நிற்கிற தெரு அது!

அன்றிரவே பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். "தம்பி, நம்ம பிள்ளை தலைவரா இருந்தும் நாம முறைக்கு நிக்கணுமா?" என்றார் ஒருவர். "மாமா, காலையில கூட்டத்துக்கு நீங்க வந்திருந்தா உங்க கருத்தையும் எழுதியிருப்போம். இப்ப ராத்திரியில வீட்டுக்கு வந்து கேட்டா நான் என்ன செய்ய முடியும்?" என்றேன். கோபத்தோடுதான் போனார்கள்.

வணிகர்களுக்கு ஒரு முன்மாதிரி

மதீனாவில் முஹாஜிர்கள் குடிநீருக்குத் தவித்தபோது, ரூமா என்ற கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. அதை வாங்கிப் பொதுவில் விடுபவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி வக்ஃபு செய்தார்கள். அவர்கள் ஒரு வணிகர். பணம் கொடுத்தவர் என்பதற்காக அவர்களுக்குத் தனி உரிமை இருக்கவில்லை. அவர்களுடைய வாளியும் மற்றவர்களின் வாளியும் ஒன்றாகவே கிணற்றில் இறங்கின.

இதை ஜமாஅத்தில் எடுத்துச் சொன்னேன். வெளியூரில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், பள்ளிவாசலை ஒட்டிப் பூட்டிக் கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரிக் கொடுத்தார். குழாயைச் சுற்றுச்சுவருக்கு வெளியே வைத்தோம். ஒளூச் செய்த நீர் சாக்கடைக்குப் போகாமல் உறிஞ்சுகுழியில் இறங்கும்படி செய்தோம். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று படித்த சமுதாயம் அல்லவா நாம்? 2023 கோடையில் இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்! கோபித்துக் கொண்டு போன அதே பெரியவர்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

பதவி முடிந்த பிறகு...

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. இது புதிதல்ல. 2016 அக்டோபர் முதல் 3 ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் ஊராட்சிகள் கிடந்தன.

அதிகாரியிடம் பேசி, சலுகையாக நான் வாங்கிக் கொடுத்த சில வசதிகள் என் நாற்காலியோடு போய்விட்டன. ஆனால் லாரி முறை போகவில்லை! அந்தத் தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லி ஊர்மக்கள் கேட்டார்கள், முறை தொடர்ந்தது. நான் கற்ற பாடம் இதுதான்: தலைவர் தயவில் கிடைத்தது தலைவரோடு போகும், சபையில் எழுதப்பட்டது ஊரோடு இருக்கும்.

கிராம சபை என்பது தலைவர் போடும் பிச்சை அல்ல. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தந்த உரிமை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று 4 நாட்கள் கூடி வந்தது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. 3,001 முதல் 10,000 வரை மக்கள் வாழும் ஊராட்சியில் 200 பேர் கூடினால்தான் அது சபை. அந்த 200 பேரில் நாம் எத்தனை பேர்? சிந்தியுங்கள்!

உங்களிடம் வேண்டுவது

வணிகப் பெருமக்களே! வெளியூரில் கடை வைத்திருந்தாலும் ஊரில் வாழும் உங்கள் குடும்பத்தாரைச் சபைக்கு அனுப்புங்கள். குறிப்பாகப் பெண்களைத் தடுக்காதீர்கள். வெறுங்குடத்தின் கனம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இளைஞர்களே! 18 வயது நிறைந்ததும் பட்டியலில் பெயர் சேருங்கள். டீக்கடையில் பேசுவதைச் சபையில் பேசுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே எழுந்து வாருங்கள்.

நம் தெருவுக்காக மட்டும் பேசாதீர்கள். தண்ணீர் வராத தெரு எதுவோ, அதற்காக முதலில் எழுந்து நில்லுங்கள். அப்போதுதான் நம் தெருவுக்கு ஒரு குறை வரும்போது ஊரே எழுந்து நிற்கும். கலந்து பேசி முடிவெடுக்கும் மஷூராவைக் கற்றுக் கொடுத்த மார்க்கம் நம்முடையது. ஊர் கூடிக் கலந்து பேசும் இடத்தில் நம் இடம் காலியாக இருக்கலாமா?

அடுத்த கிராம சபையில், இன்ஷா அல்லாஹ், உங்களைச் சந்திக்கிறேன். அங்கே நானும் உங்களைப் போல ஓர் உறுப்பினன்தான். வஸ்ஸலாம்.